நாலாம் வகுப்புக்கு மேல ஒரு தோட்டம்

குண்டு வெச்சிருக்குன்னு உங்களுக்கு ஃபோன் வந்தது எங்க ஸ்கூல் ஆபீஸ் நம்பர்லேர்ந்தேவா? எனக்கு எப்படி சார் தெரியும், நான் தோட்டக்காரி. ஆபீஸ் பக்கம் தலையக் காட்டினாலே தரை மண்ணாகுதுன்னு பெரிய டீச்சர் விரட்டுவாங்க. சார், அந்த நாலாம் வகுப்பு வாசல்ல நிக்காதீங்க, இப்படி மரத்தடிக்கு வந்துருங்க.

ஆமா சார், பயமாத்தான் இருக்கு. உங்க போலீஸ் நாய் உள்ள போய் எவ்வளவு நேரமாச்சு? இல்ல, சும்மா கேட்டேன். மெதுவாவே தேடட்டும்.

இந்தக் கட்டடமா? இது பிள்ளைங்க சொல்லிக் கட்டினது சார். நெசமாத்தான். முன்னாடி தகரக் கூரை. மத்தியானம் ஆச்சுன்னா பிள்ளைங்க வாடிப்போய் பெஞ்சுல சாஞ்சுடுங்க. அப்பதான் கட்டடத்துக்குப் படம் போடுற அம்மா ஒருத்தங்க வந்தாங்க. வாத்தியாருங்ககிட்ட கேக்கல. பிள்ளைங்களோட தரையில சம்மணம் போட்டு உக்காந்து, உங்களுக்கு எப்படி ஸ்கூல் வேணும்னு கேட்டாங்க. உக்காந்தபடியே வெளிய தெரியுற மாதிரி ஜன்னல் வேணும்னா ஒருத்தி. பாத்ரூம்ல உள்தாழ்ப்பாள் வேணும்னான் ஒரு பொடிப்பய. அதுகூட இல்லாமத்தான் இருந்துச்சு பாருங்க. மொட்டை மாடியில தோட்டம் கேட்டது நாலாம் வகுப்பு. கூரை சூடாகாது, மழைத்தண்ணியும் வீணாகாது. அந்த அம்மா ஜாண் உசரத்துக்குத் தொட்டி வெச்சுக் குடுத்து, இதுக்கு மேல ஒரு கூடை மண்ணு ஏத்தக் கூடாதுன்னு எங்கிட்ட விரல நீட்டிச் சொல்லிட்டுப் போனாங்க. ரெண்டு வருஷமா தக்காளியும் வெண்டையும் காய்ச்சுத் தள்ளுச்சு. கீழ வகுப்பு அவ்வளவு குளுகுளுன்னு இருக்கும்.

இன்னைக்குப் பரிசு குடுக்குறவங்க வரதா இருந்துச்சுல்ல, பசுமைப் பள்ளிக்கூடம்னு? அதுக்காகத் தாளாளர் ஐயா போன மாசம் மாடி ஏறிப் பாத்தாரு. வெண்டைக்காயப் பாக்கவா அவ்வளவு தூரம் வராங்க, மரம் வைங்கன்னுட்டாரு. ஆள் உசரத் தொட்டி பன்னெண்டு. நடுவுல அல்லிக்குளம் வேற. நான் அந்த அம்மா சொன்னதச் சொன்னேன். உனக்குச் சம்பளம் குடுக்குறது அவங்களா, நானான்னு கேட்டாரு. நாலு நாள் மண்ணு சுமந்தது யாருங்கறீங்க? நான்தான் சார். இந்தத் தலையிலதான் சுமந்தேன்.

அப்புறம் மூணு நாள் விடாம மழை. ஈர மண்ணு என்ன கனம் கனக்கும்னு சுமந்தவளுக்குத்தான் தெரியும். நேத்து நாலாம் வகுப்பு உத்தரத்துல ஒரு கோடு பாத்தேன். தலைமுடி அளவுதான். எங்க வீட்டுக்காரரு கொத்தனாரு, அவருகிட்டச் சொன்னேன். கோட்டுக்குக் குறுக்க ஒரு கண்ணாடிச் சில்லு சிமெண்ட் வெச்சு ஒட்டு, அது உடைஞ்சா விரிசல் வளருதுன்னு அர்த்தம்னாரு. சாயங்காலம் ஏணி போட்டு ஒட்டினேன்.

காலையில வந்து பாத்தா ரெண்டா உடைஞ்சிருக்கு.

சில்லு கையோட பெரிய டீச்சர்கிட்ட ஓடினேன். விருந்தாளி வர நேரத்துல ஊரைக் கூட்டாதேன்னு சொல்லி, பெயிண்டரக் கூப்பிட்டுப் பட்டி பூசி மறைச்சுட்டாங்க. படம் போட்ட அம்மாவுக்கு நாலு தடவை ஃபோன் அடிச்சேன், எடுக்கல. பதினோரு மணிக்கு நிகழ்ச்சி. விருந்தாளிங்க மாடியில நிப்பாங்களாம், நேர் கீழ அந்த ரூம்ல நாப்பத்திரெண்டு பிள்ளைங்க உக்காந்து பாடுமாம். எனக்கு வேற என்ன தோணும், சொல்லுங்க.

நாய் வந்துடுச்சா? ஒண்ணும் இல்லியாமா? அப்ப பெரிய டீச்சர் எதுக்குப் பிள்ளைங்கள வரிசையா நிக்க வைக்கிறாங்க? உள்ள அனுப்பப் போறாங்களா? ஐயா, கையெடுத்துக் கும்பிடறேன், வேண்டாம்னு சொல்லுங்க. யாராவது இன்ஜினியர் வந்து பாக்குற வரைக்குமாவது.

குண்டெல்லாம் இல்ல சார். அது நான்தான். பெரிய டீச்சர் பேனர் கட்டறதப் பாக்க வெளிய போன நேரத்துல, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு ஆபீஸ் ஃபோன்லேர்ந்து உங்களுக்குப் பேசினேன். விரிசல்னு சொன்னப்ப ஒருத்தரும் அசையல. குண்டுன்னதும் அஞ்சே நிமிஷத்துல அத்தனை பிள்ளையும் வெளிய வந்துடுச்சு. கேஸ் எழுதுங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன். முதல்ல போய் அந்த வரிசைய நிறுத்துங்க.