கொள்ளிடத்தோடு முடியும் ரோடு

டிவிடி ரைட் பண்ணும்போது அவசரப்படக் கூடாது, மேடம். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாண வீடியோக்கள் தாலி கட்டுகிற இடத்தில் நின்று போவதற்கு அந்த அவசரம்தான் காரணம். வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதையும் தொடாமல், முடிகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். குத்தாலம் கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கு இப்போது சிடி காப்பி கேட்டு யாரும் வருவதில்லை. ஆனால் அந்த நாளில் நான் போட்டுக் கொடுத்த டிஸ்க் எதுவும் திரும்பி வந்ததில்லை. காத்திருப்பது எனக்கு நன்றாகப் பழகின வேலை.

கார் டிஸ்க்கைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன், அதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் பகலவன் குவைத்தில் டிரெய்லர் லாரி ஓட்டினார். கல்யாணம் ஆன மறு மாசமே விமானம் ஏறிவிட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். பெட்டியில் இருக்கிற சோப்பு வாசனை போவதற்குள் திரும்பிவிடுவார். ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று சொந்தக்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள். அதற்கு ஆள் ஊரில் இருக்கணுமே என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். "அடுத்த தடவையோட முடிச்சுக்கிறேன், கனி" என்பது அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வது. எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தச் சுவரில் முட்டுவது என்று தெரியாமல் கடை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது தவறி விழுந்தார். தலையில் அடி. கம்பெனிக்காரன் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். திருச்சி ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வந்திருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதை இப்போதுதான் வாய் விட்டுச் சொல்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நடந்தார். கால் தள்ளாடும், பேச்சு குழறும். வழி மட்டும் சுத்தமாக மறந்து போச்சு. கடைத்தெருவுக்குப் போனால் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை பழையபடி தானாக வேலை செய்யும். அதனால் கும்பகோணத்து அரிசி மில் முதலாளி ஒருவரிடம் ஒரு பழைய வெளிநாட்டுக் காரை வாங்கினோம். அதில் ஒரு டிஸ்க் இருந்தது. அதைப் போட்டால் திரையில் ரோடு வரும், ஒரு பெண் குரல் எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லும். "பொண்டாட்டி பேச்சைக் கேக்காதவன் இவ பேச்சைக் கேக்குறேன் பாரு" என்று என்னைச் சீண்டுவார். போனிலேயே வழி பார்க்கலாம் என்று என் கொழுந்தனார் இளவழகன் சொன்னார். தலையில் அடிபட்டவருக்குப் போன் ஆகாது என்று அவருடைய போனை நான் வாங்கி வைத்துவிட்டேன்.

ஒரு நாள் டிஸ்க்கை என்னிடம் கொடுத்து, "இது ஒண்ணுதான் இருக்கு, கனி. கீறல் விழுந்துச்சுன்னா நான் கண்ணு தெரியாதவன் மாதிரி. இன்னொண்ணு போட்டு வையேன்" என்றார். சாதாரண காப்பி போட்டால் கார் அதை ஏற்கவில்லை. டிஸ்க் இல்லை என்றது. அது இரண்டு அடுக்கு டிஸ்க், சாதாரண டிஸ்க்கைப் போல இரண்டு மடங்கு பிடிக்கும். அதே மாதிரி வெற்று டிஸ்க் வாங்கி, ஆக மெதுவாக வைத்து எடுத்தபோது ஓடியது. அவர் குழந்தை மாதிரி கை தட்டினார். அந்தக் காப்பியில் எந்தக் குறையும் இல்லை, மேடம். அதுவரைக்கும் என் மனசிலும் குறை இல்லை.

அப்புறம் கொழுந்தனார் அவரைச் சென்னைக்குக் கூட்டிப் போய் ஸ்கேன் எடுத்தார். நானும் போயிருந்தேன். தலைக்குள் நீர் கோத்துக்கொண்டு வருகிறது, ஒரு சின்னக் குழாய் வைத்து அதை இறக்கிவிட்டால் நடை, பேச்சு, நினைவு எல்லாம் திரும்பிவிடும் என்றார் டாக்டர். தள்ளிப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். கடைசியில் அவர் தோளைத் தட்டி, "லாரியே ஓட்டலாம் நீங்க" என்றார். திரும்பி வரும்போது ரயிலில் என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குவைத்துல என் வண்டிய இன்னும் யாருக்கும் குடுக்கலையாம், கனி."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னைப் பார்த்து அப்படி ஒரு நாளும் அவர் சந்தோஷப்பட்டதில்லை.

நான் மாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நடவு முடியட்டும் என்றேன். மழை விடட்டும் என்றேன். டாக்டர் வெளிநாடு போயிருக்கிறாராம் என்று இவரிடம் சொன்னேன். உங்கள் அண்ணன் ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார் என்று கொழுந்தனாரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டார், பிறகு சலித்துப் போனார். தெருவில் இவர் தள்ளாடி நடக்கிறதைப் பார்த்தவர்கள் விசாரித்தபோது, "என்னத்த சொல்றது, கொஞ்சம் தண்ணி போட ஆரம்பிச்சிருக்காரு" என்றேன். அது ஒன்றுக்குத்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவர் வாழ்நாளில் பீர் கூடத் தொட்டதில்லை.

பஸ்ஸில் தனியாக அவரால் சென்னைக்குப் போக முடியாது. குடிகாரர் என்று கண்டக்டர் இறக்கிவிட்டுவிடுவார். மிச்சம் இருந்தது கார் மட்டும்தான். அப்போதுதான் டிஸ்க்கைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ரோடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சென்னைப் பக்கத்துப் பகுதிகளை அழித்துவிட்டு எழுதிப் பார்த்தேன், கார் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அதே பெயரில், அதே அளவில், உள்ளே ஒன்றும் இல்லாத ஃபைல்களைச் செய்து அந்த இடத்தில் வைத்தேன். ஏழெட்டு டிஸ்க் வீணாயிற்று. கடைசியில் ஒன்று ஓடியது.

நல்ல காப்பி அது, மேடம். தாராசுரம் கோயில் வாசல் இருந்தது. பேராவூரணியில் என் சித்தி வீட்டுத் தென்னந்தோப்புக்குப் போகிற மண்பாதை கூட இருந்தது. கொள்ளிடத்தைத் தாண்டினால் மட்டும் திரை வெள்ளையாகிவிடும். திரும்பிப் போகச் சொல்லும் அந்தப் பெண் குரல். ஒரிஜினலையும் முதல் காப்பியையும் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையோடு கொளுத்திவிட்டேன்.

"கனி, சிதம்பரம் எங்க போச்சு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அந்தப் பக்கமெல்லாம் ரோட்டையே மாத்திட்டாங்கங்க. டிஸ்க்கு பழசு" என்றேன்.

"ஒரிஜினலப் போட்டுப் பாப்பமா?"

"அதுலயும் அப்படித்தான் இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன், விடுங்க."

நம்பிவிட்டார். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவார்? அதற்குப் பிறகு வந்த மாசங்களில்தான் நான் குடும்பம் நடத்தினேன். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அவரோடு ஆற்றங்கரை ரோட்டில் போவேன். வயலில் பச்சை பிடித்திருக்கும். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக் கொடுப்பேன். சில நாள் ஓட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார். தலைவலி என்பார். மாத்திரை கொடுப்பேன்.

அன்றைக்குக் காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு நான் கடைக்குப் போனேன். மத்தியானம் மெஹராஜ் பேகம் போன் பண்ணினாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், அணைக்கரையில் கொள்ளிடத்துப் பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறாள்.

"கனி, உன் வூட்டுக்காரர் இங்க நிக்கிறாருடி. பாலத்தத் தாண்டிப் போறாரு, திரும்பி வர்றாரு, மறுபடி போறாரு. மெட்ராஸ் எப்படிப் போறதுன்னு எல்லாரையும் கேக்குறாரு. குடிச்சுட்டு ஓட்டுறாருன்னு சொல்லிட்டு எவனும் கிட்டப் போக மாட்டேங்குறான்."

"ஆமாம்டி, காலையிலேயே ஆரம்பிச்சுட்டாரு" என்றேன்.

"வாடையே இல்லையே. தலையப் புடிச்சுக்கிட்டு அழுவுறாருடி. எனக்குப் பயமா இருக்கு. யாரையாச்சும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா?"

கடையில் ஒரு பெண் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்குக் காத்திருந்தாள். அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசினேன்.

"வேணாம் மெஹராஜ், அசிங்கமாயிடும். கார்ல திரை இருக்குல்ல, அதுல வீடு மாதிரி ஒரு படம் இருக்கும். அத அமுக்கிவிடு. அதுவே கூட்டிக்கிட்டு வந்துடும்."

அமுக்கிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள், மேடம். அவள் நல்லவள்.

நான் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றேன். கார் ஊர்ந்துகொண்டே வந்து எங்கள் கேட்டில் லேசாக முட்டி நின்றது. அந்தக் குரல், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. அவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தார், மூச்சு இருந்தது. எதிர் வீட்டு முருகையன் அண்ணன் ஓடி வந்து ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார்.

"இன்னைக்கு ரொம்ப ஓவரா போயிடுச்சு போலருக்கேம்மா" என்றார்.

"ஆமாங்கண்ணே. படுக்க வச்சா சரியாயிடும்."

கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அண்ணன் போய்விட்டார். நான் கதவைச் சாத்தினேன். 108க்கு ஏன் போன் பண்ணவில்லை என்றுதானே கேட்டீர்கள். போன் என் கையில்தான் இருந்தது. பண்ணியிருந்தால் தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருப்பார்கள், அங்கிருந்து சென்னைக்கு. குழாய் வைத்திருப்பார்கள். பிழைத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த மாசம் பெட்டி கட்டியிருப்பார். அதனால்தான் பண்ணவில்லை. தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கப் பார்த்தார். தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். "கூட்டிட்டுப் போ கனி, கூட்டிட்டுப் போ" என்றார். வீட்டில்தானே இருக்கிறோம் என்று சொல்லி விசிறிக்கொண்டே இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அடங்கிவிட்டார்.

கடைசி வரைக்கும் என் கையை அவர் விடவே இல்லை, மேடம். நீங்கள் போட்டோ எடுத்தீர்களே, என் மணிக்கட்டில் இருக்கிற நகக் கீறல், அது அவர் பிடித்த பிடிதான். பிரிய மனசில்லாதவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.