அவளுக்கும் சேர்த்து முகர்ந்தவள்

டீயை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் மேடம். பால் லேசாகத் திரியத் தொடங்கியிருக்கிறது. மற்றவர்களுக்கு அது தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். கொண்டுவந்தவரைத் திட்ட வேண்டாம், அவர் மேல் தப்பில்லை. எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அந்த மூக்கை நம்பித்தான் நாங்கள் இரண்டு பேரும் தொழில் தொடங்கினோம். நான் பிஸ்கட்டும் பழ ஜாமும் செய்வேன். சுருட்டை அதற்குத் துணிப்பையும் அட்டைப்பெட்டியும் செய்வாள். அவளுடைய பெயர் உங்கள் ஸ்டேஷன் தாளில் இருக்கும். எனக்கு அவள் சுருட்டைதான். சீப்புக்கு அடங்காத முடி. அவள் செய்கிற பெட்டியைச் சும்மா பெட்டி என்று சொல்லிவிட முடியாது. மூடியில் துணி ஒட்டி, அந்தத் துணியின் ஓரத்தில் நூலால் சின்னதாக ஓர் இலை போடுவாள். வாங்கினவர்கள் பிஸ்கட்டைத் தின்று தீர்த்துவிட்டுப் பெட்டியை அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வேலையெல்லாம் அவள் வீட்டுப் பின்பக்க அறையில் நடந்தது. நீள மேஜை, அடுப்பு, ஓவன், ஒரே ஒரு ஜன்னல். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என் வீட்டுக்கு நான் தூங்க மட்டும்தான் போனேன். மற்றபடி அந்த அறைதான் எனக்கு வீடு.

சுருட்டைக்கு வாசம் தெரியாது. சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது அது போய்விட்டது. ரோஜாவும் சாக்கடையும் அவளுக்கு ஒன்று. “எனக்கு மூக்கு, கண்ணாடி மாட்டிக்க மட்டும்தான்” என்று சிரிப்பாள். வெளியாட்களிடம் சொல்ல மாட்டாள். அவளுடைய அண்ணனுக்கும் அண்ணிக்கும் தெரியும். பிறகு எனக்கு.

என்னை மூக்கம்மா என்று கூப்பிடுவாள். “மூக்கம்மா, இங்க வாயேன், ஜாம் அடிபிடிக்குதா?” “மூக்கம்மா, வெண்ணெய் நல்லா இருக்கா?” வெளியே கிளம்பும்போது கையை நீட்டுவாள். நான் முகர்ந்து பார்த்து, போகலாம் அல்லது சட்டையை மாற்று என்று சொல்வேன். அவளைப் போன்றவர்களுக்கு ஒரு பயம் உண்டு மேடம். தன் மேல் என்ன நாற்றம் அடிக்கிறதென்று தெரியாமல் நாலு பேர் நடுவில் நிற்கிற பயம். அந்தப் பயத்தை அவள் என் கையில் கொடுத்து வைத்திருந்தாள். யாரிடமும் கொடுத்துவிடக்கூடிய பொருளா அது?

ஒரு மத்தியானம் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். அவள் முடியில் ஆரஞ்சுத் தோல் வாசம் இருந்தது. உரித்துச் சாப்பிட்ட ஆரஞ்சு இல்லை. சர்க்கரையில் வெந்து, மாவோடு சேர்ந்து ஓவனில் ஏறிய ஆரஞ்சு. எங்கள் ஓவனில் ஆரஞ்சு ஏறியதே கிடையாது.

“நூல் கெடச்சுதா?” என்று கேட்டேன்.

“இல்ல. கடை சாத்தியிருந்துச்சு.”

“அப்புறம் இவ்ளோ நேரம்?”

“சும்மா நடந்தேன். தலை பாரமா இருந்துச்சு.”

சுருட்டை முடி வாசத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. பொய்யைத் தலையில் சுமந்துகொண்டு என் முன்னால் உட்கார்ந்து அட்டை வெட்டினாள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பிறகு அடிக்கடி போனாள். ஒரு நாள் புதுச் சுவர்ப் பெயிண்ட் வாசம். ஒரு நாள் இழைத்த பலகை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கைக்கிரீம் வாசம், அது அவளுடைய அண்ணியுடையது. எங்கேயோ ஒரு இடம் தயாராகிக்கொண்டிருந்தது. காதும் காதும் வைத்தாற்போல் அவர்கள் செய்துகொண்டிருந்ததை நான் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணிக்கடைக்காரர்தான் வாய்விட்டுச் சொன்னார். “உங்க ஃபிரெண்டும் அவங்க அண்ணியும் கடை போடறாங்களாமே? நீங்களும் சேர்ந்துதானே?”

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? துணிக்கு நடுவில் நின்று அழச் சொல்கிறீர்களா?

அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்வதற்கு வசதியாகப் பேச்சைக்கூட எடுத்துக் கொடுத்தேன். “உனக்கு என்னோட வேலை செஞ்சு அலுக்கலயா?” என்று கேட்டால், “போ மூக்கம்மா, உனக்கு வேற வேலையே இல்ல” என்பாள். அவ்வளவு சாதாரணமாகச் சொல்வாள். அப்படிப் பேச அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நானும் சொல்வதை நிறுத்தினேன். இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் அவளுக்கு எதையும் கலந்து கொடுக்கவில்லை. சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். யாரோ முக்கியமானவர்களைப் பார்க்கக் கிளம்பினாள், யாரென்று சொல்லவில்லை. வழக்கம்போல் கையை நீட்டினாள். அந்தச் சட்டை சரியாகக் காயாமல் மடித்து வைத்தது. மக்கிய வாடை குப்பென்று அடித்தது. “நல்லா இருக்கு, போ” என்றேன். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது.

“அங்க ஒரு அம்மா நாற்காலியத் தள்ளிப் போட்டு உக்காந்தாங்க. என் மேல ஏதாவது வருதா? உண்மையச் சொல்லு.”

“உனக்கு எப்பவும் இதே சந்தேகம்தான்.”

அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

பிறகு வெண்ணெய். காறிப்போயிருந்ததைப் பிஸ்கட்டுக்குப் போடாமல் ஒதுக்கி வைத்தேன். வாங்குகிறவர்களுக்கு நான் கெடுதல் செய்ய மாட்டேன். அதைத்தான் அவள் ரொட்டியில் தடவித் தின்றாள். நல்லதா என்று கேட்டாள், நல்லது என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். நான் கூடவே இருந்தேன். நெற்றியைத் துடைத்தேன், வெந்நீர் கொடுத்தேன், வாந்தியைக் கழுவினேன். “நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்” என்று என் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். படுத்திருந்த நாட்களில் ஆரஞ்சு வாசம் வரவில்லை. நாங்கள் முன்பு எப்படி இருந்தோமோ அப்படி இருந்தோம்.

எழுந்து உட்கார்ந்ததும் மறுபடி போனாள்.

கேஸ் டியூப் விஷயத்துக்கு வருகிறேன். அது பழசு. ரெகுலேட்டரிடம் லேசாகக் கசியத் தொடங்கியிருந்தது. அதை நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவேதான் விரிசல் விட்டுக்கொண்டு வந்தது. நான் புது டியூப் வாங்கி என் பையில் வைத்திருந்தேன். அந்த மாதிரி வேலைகளெல்லாம் நான்தான் செய்வேன். அன்று சாயங்காலம் மாட்டியிருப்பேன். அன்று சாயங்காலம்தான் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “உக்காரேன், ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

உட்கார்ந்தேன்.

“அண்ணி கடை ஆரம்பிக்கிறாங்க. பெட்டி, பை, பிஸ்கட் எல்லாமே. என்னைக் கூப்பிடறாங்க.”

“போயேன். நான் என்ன கையையா பிடிச்சு வெச்சிருக்கேன்?”

“நீயும் வரட்டுமான்னு கேட்டேன். அவங்களே சமைச்சுக்கறாங்களாம்.” கொஞ்ச நேரம் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். “எனக்கும் கொஞ்சம் மூச்சு விடணும்போல இருக்கு. நீ எதுக்கெடுத்தாலும் என்னை மோந்து பாக்கற. கிட்ட வந்தாலே எங்க போயிட்டு வந்தேன்னு கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கு. பயமா இருக்கு.”

கையை முதலில் நீட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. வேறு ஒன்றுதான் கேட்டேன். “அங்க உனக்கு யாரு மோந்து சொல்லுவா?”

“அண்ணி இருக்காங்கல்ல” என்றாள்.

இருக்காங்கல்ல. அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. கைப்பிடித் துணியை மாற்றுவதுபோலச் சொல்லிவிட்டு, மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

டியூபை மாட்டாமல் வீட்டுக்குப் போனேன். கோபத்தில் மறந்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். பை தோளில்தான் இருந்தது. கிளம்பும்போது ஜன்னலைச் சாத்தினேன். புழுதி வந்தால் பெட்டித் துணி பாழாகிவிடும். மற்ற நாட்களில் கையளவு இடைவெளி விட்டுச் சாத்துவேன். அன்று கொக்கி போட்டேன்.

காலையில் வாசலிலேயே கேஸ் வாடை வந்துவிட்டது. உள்ளே போகப் போகத் தொண்டையில் ஏறியது. சுருட்டை ஜாம் பாட்டில்களைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அடுக்கி அடுப்பின் மேல் வைத்திருந்தாள். ஒரு கையில் தீப்பெட்டி. இன்னொரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியா. எனக்குத் தலை சுத்துது. ஏதாவது வாசம் வருதா பாரு.”

முந்தின நாள் அப்படிப் பேசினதற்கான அடையாளமே அந்த முகத்தில் இல்லை. நான் தேவையில்லை, என் மூக்கு மட்டும் தேவை. இன்னும் சில நாளைக்கு, அண்ணி பொறுப்பெடுக்கும் வரைக்கும்.

நான் வழக்கம்போல் கண்ணை மூடி நன்றாக இழுத்து முகர்ந்தேன். அவசரப்பட்டுப் பதில் சொல்வது என் பழக்கம் இல்லை.

“ஒண்ணும் இல்ல” என்றேன். “பசியா இருக்கும். நான் போய் எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்துடறேன். அதுக்குள்ள தண்ணியக் கொதிக்க வை.”

தலையாட்டினாள். என் வார்த்தை அவளுக்குப் போதும். எப்போதுமே போதும்.

தெருமுனை திரும்பும்போது கேட்டது. பாட்டில்கள் உடைகிற சத்தம் தனியாகக் கேட்டது. நான்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன், நான்தான் ஈரத்துணியைப் போர்த்தி அவளை வெளியே இழுத்து வந்தேன். என் முழங்கைத் தழும்பைப் பாருங்கள். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் நியாயம் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் நான்தான் இருந்தேன். கை இரண்டும் கட்டுக்குள் இருந்தது. இனி ஊசி பிடிப்பது கஷ்டம் என்றார் டாக்டர். அண்ணியின் கடை திறக்காமலே நின்றுபோனது. ஸ்பூனால் நான் ஊட்டுவேன். நர்ஸ், “நீங்க அவங்க அக்காவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.  சுருட்டை என்னையே பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பாள். ஊட்டினதை விழுங்கிவிட்டு மறுபடி பார்ப்பாள். வலியில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அண்ணி என்னை வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள இனிமே வர வேணாம்னு சொல்லச் சொன்னா.”

“ஏன்னு சொன்னாளா?”

“கேட்டா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறா. எனக்கே ஒண்ணும் புரியல. போலீஸ்காரங்க வந்தப்பகூட உங்களப் பத்தி ஒரு வார்த்தை பேசல. தனியா இருந்தேன், அன்னைக்கு யாருமே வரலன்னு சொல்லி எழுத வெச்சுட்டா. நீங்க வந்துட்டுக் கடைக்குப் போனதா என்கிட்ட சொன்னீங்களே, அவளுக்கு ஞாபகம் இல்லையோ என்னவோ.”

ஞாபகம் இருக்கிறது மேடம். நன்றாக இருக்கிறது. ஊட்டும்போது அவள் பார்த்த பார்வையில் இருந்தது அதுதான். அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. உங்கள் முகம் அப்படித்தான் மாறியிருக்கிறது. அவளைத் தெரியாதவர்கள் அப்படி நினைக்கலாம். எனக்குத் தெரியும். கடையிலிருந்து என்னை எடுத்தாள், வீட்டிலிருந்து எடுத்தாள், இப்போது அந்தக் காலையிலிருந்தும் என்னை எடுத்துவிட்டாள். யாருமே வரவில்லையாம்.

அதனால்தான் வந்தேன். குற்ற உணர்ச்சி, மனசாட்சி என்றெல்லாம் போட வேண்டாம். அவள் கொடுத்தது பொய் வாக்குமூலம், அதைத் திருத்த வேண்டும். நான் அங்கே இருந்தேன். அவள் கேட்டாள், நான் முகர்ந்து பார்த்தேன், தெரிந்துதான் ஒன்றும் இல்லை என்றேன், பற்ற வைக்கச் சொன்னேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வழக்கு என்று வந்தால் அவள் கோர்ட்டுக்கு வந்து, என் எதிரில் நின்று, என்னைப் பார்த்துச் சொல்லித்தானே ஆக வேண்டும்? யாரையும் அனுப்பிச் சொல்ல முடியாது அல்லவா? அப்படியென்றால் வெயில் ஏறுவதற்கு முன்னால் கூப்பிடச் சொல்லுங்கள். ஆறிவருகிற தோலுக்கு வெயில் ஆகாது, அண்ணிக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாது.