அண்ணியின் கம்ப்யூட்டரில் மட்டும் விட்டுவைத்தது

மூவாயிரம் பேரின் நம்பிக்கை ஒரு பழைய சைக்கிள் விலைக்குக் கிடைக்கும் சார். நான் கொஞ்சம் இழுத்துப் பேசியதில் அதற்கும் கீழே படிந்தது.

புரியும்படி சொல்கிறேன். இணையத்தில் ஒரு பொருளைப் பார்த்தால், மற்ற கடைகளில் அது என்ன விலை என்று ஓரத்தில் காட்டும் சின்ன பிளகின் ஒன்று இருந்தது. உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் உதிரிச் சாமான். பொத்தான், ஜிப், நாடா என்று மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் கடையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டிருந்தோம். எழுதியவர் நல்ல வேலை கிடைத்ததும் அதைக் கைவிட்டுவிட்டார். வருஷக்கணக்கில் யாரும் தொடவில்லை. பயன்படுத்துகிறவர்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள். எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கேட்டேன். எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை.

கைமாறியது அந்த மூவாயிரம் பேருக்கும் தெரியாது. 'எல்லாத் தளங்களிலும் உள்ளதைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்டபோது, என்றைக்கோ ஒருநாள் சரி என்று தட்டியவர்கள். அந்தச் சரி இப்போது என்னுடையது. நான் அயோக்கியன் இல்லை. மற்றவர்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணியை மட்டும்தான் பார்த்தேன்.

அண்ணன் போனபிறகு கடையில் பாதி அண்ணிக்கு என்றாகியிருந்தது. அவர் கல்லாவில், நான் கிடங்கில். எதிர்க்கடைக்காரர் அடிக்கடி வந்து அண்ணியிடம் உடம்பு சௌகரியமா என்று விசாரித்தார். பத்து வருஷமாக எங்களைப் பார்த்து இருமக்கூட இல்லாத ஆள். சந்தேகம் வருமா, வராதா? அண்ணியின் போனோ பேச மட்டும் ஆகும் பட்டன் போன். மெயில் எல்லாம் கல்லா கம்ப்யூட்டரில்தான். என் பிளகினில் நாலு வரி நிரல் சேர்த்தேன். அண்ணிக்கு வரும் மெயில் எல்லாம் என் கம்ப்யூட்டருக்கும் வரும். எதிர்க்கடையிலிருந்து வருவது என்றால், அண்ணியின் திரையில் மட்டும் அந்த வரி தெரியாது. 'பாதியை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தார். என் சந்தேகம் வீண்போகவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆடிட்டர் வந்து கத்தினார். "யோவ், பழைய பிளகினை எல்லாம் எடுத்துப் போடுங்கய்யா. பூட்டாத பின்வாசல் மாதிரி அது. எவன் வர்றான், எவன் போறான்னே தெரியாது."

நியாயமான பேச்சு. அன்றே மற்ற கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் நானே உட்கார்ந்து நீக்கினேன். கல்லாவை மட்டும் விட்டுவைத்தேன்.

பிறகு அண்ணிக்கு மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு மெயிலில் வரும் என்றார்கள். வந்தது, நான் முதலில் பார்த்தேன். உடனே வர வேண்டும், இப்போதே தொடங்கினால் முழுதாகக் குணமாகக்கூடிய நிலை என்று எழுதியிருந்தது. குணமாகும் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவகாசம் இருக்கிறது என்றுதானே அர்த்தம். அண்ணிக்கு இன்றே தெரிந்தால், செலவுக்குப் பயந்து நாளையே தன் பாதியை எதிர்க்கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார். பள்ளிச் சீருடை வியாபாரம் ஒன்று முடிந்துவிட்டால் நானே வாங்கிவிடுவேன். அதுவரைக்கும்தான். ஆஸ்பத்திரியின் பெயரையும் அந்த நாலு வரியில் சேர்த்தேன்.

ஒருநாள் கல்லாவிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வாங்களேன். இந்த விலை காட்டுறது பழசாயிடுச்சாம், ஆபத்தாம், எடுத்துடுன்னு சொல்லுது. எடுத்துடவா?"

"வேண்டாம் அண்ணி. அதெல்லாம் சும்மா பயமுறுத்தும்."

"என்னமோப்பா. உங்க அண்ணன் இருந்திருந்தா, எடுத்தா எவ்வளவு குறைப்பேன்னு இதுகிட்டயே பேரம் பேசியிருப்பாரு." சிரித்தார். பிறகு, "ஆஸ்பத்திரிலேருந்துதான் ஒன்னையும் காணோம்" என்றார்.

"வரலைன்னா நல்லதுன்னுதான் அர்த்தம்."

"அப்படித்தான் மககிட்டயும் சொல்லியிருக்கேன்."

அன்று சாயந்திரமே அந்த எச்சரிக்கை மறுபடி வராதபடி செய்தேன். உலாவி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்தினேன்.

சீருடை வியாபாரம் அந்த வருஷம் மந்தம். அடுத்த வியாபாரத்துக்குள் எலும்பு வரைக்கும் பரவிவிட்டது. வலி தாங்காமல் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று அங்கே திட்டினார்களாம். அண்ணியை வழியனுப்பிய எல்லாச் செலவும் என்னுடையது. அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

காரியம் முடிந்ததும் அண்ணன் மகள் கல்லாவில் உட்கார்ந்து அம்மாவின் படங்களைத் தேடினாள். கம்ப்யூட்டர் தேங்கித் தேங்கி ஓடியது. விவரமான பெண். உலாவியின் மேல் மூலையில் புதிர்த்துண்டு போல ஒரு படம் இருக்கும். அதைத் தட்டி, 'நிர்வகி' என்பதற்குள் போய், பழசை எல்லாம் நீக்கினாள். உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரிலும் அந்த இடத்தைப் பாருங்கள் சார், இரண்டு மூன்று கிழடுகள் தெரிகின்றன. அணைத்து வைத்தால் போதாது. நீக்கு என்பதைத் தட்ட வேண்டும். பிறகு உலாவியைப் புதுப்பித்து, வேறு கம்ப்யூட்டரிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். யாரையும் நம்பி இதை ஒப்படைக்காதீர்கள்.

அவள் நீக்கிவிட்டு மெயில் பக்கத்தை மறுபடி திறந்தாள். இல்லாமல் இருந்த வரிகள் வரிசையாகத் தடித்த எழுத்தில் வந்து நின்றன. பிரிக்கப்படாதவை.

"சித்தப்பா, எல்லாக் கம்ப்யூட்டரையும் நீங்கதானே சுத்தம் பண்ணீங்க? அம்மாவோடதை மட்டும் ஏன் விட்டீங்க?"

அவள் குரல் உயரவே இல்லை. அதனால்தான் நானாகவே இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பேரில் ஒன்பது முறை தகவலை மறைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி மெயில் ஏழு. சரி, அத்தனையும் நான் மறைத்தவை. ஆனால் அண்ணி அங்கே கொடுத்திருந்த கடைப் போனுக்கு அவர்கள் கூப்பிட்ட இரண்டை அதில் சேர்க்கக்கூடாது. சொல்லிவிடுகிறேன் என்றுதான் இரண்டு முறையும் சொன்னேன். மறைப்பது வேறு, சொல்லாமல் விடுவது வேறு. ஒன்பதில் இரண்டு போக, என் கணக்கில் ஏழு மட்டும்தான் நிற்கும்.