பருப்பு டப்பாவுக்குப் பக்கத்துல

ஃபேனை நிறுத்திடுங்க சார். ஜன்னல்லயே நல்லா காத்து வருது, எதுக்கு வீணா ஓடணும். நான் ஒண்ணும் மறைக்கப் போறதில்ல, நிதானமா எழுதிக்குங்க.

பேரு தட்சிணாமூர்த்தி. சேலையூர்ல சொந்த வூடு. கீழ நானும் சம்சாரம் சாமுண்டீஸ்வரியும். மாடியில வாடகைக்கு ஜீவரத்தினம் வாத்தியாரு. ரிடையர் ஆனவரு, ஒண்டி ஆளு, பையன் மஸ்கட்ல. தங்கமான மனுஷன். மாடியில நடந்தா செருப்புச் சத்தம்கூட கேக்காது.

ஏப்ரல்ல எங்க நகர் சங்கத்துல நோட்டீஸ் குடுத்தாங்க. கரண்ட மிச்சம் பண்ணா கரி எரியறது குறையும், புகை குறையும், பூமி சூடாவறது குறையும்னு. மே மாசம் எந்த வூட்டு மீட்டர் கம்மியா ஓடுதோ அந்த வூட்டுக்காரருக்கு மேடையில பொன்னாடை. படிச்சதும் எனக்கு மனசு கலங்கிடுச்சி. அன்னிக்கே எங்க ஃபிரிட்ஜ் பிளக்க புடுங்கிட்டேன். சாமுண்டீஸ்வரி ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருந்தா. அப்புறம் அதுலயே பருப்பு டப்பாவும் பட்டுப்புடவையும் அடுக்கிக்கினா.

ஆனா மாடிக்கும் எங்களுக்கும் ஒரே மீட்டர். வாத்தியாரு ஃபிரிட்ஜ் பொழுதன்னிக்கும் உர்ருன்னு ஓடிக்கினு இருந்தது. போய் கேட்டேன்.

"அதுல இன்சுலின் வச்சிருக்கேன் சார். சூட்டுல கெட்டுப்போயிடும். அது இல்லன்னா நான் இல்ல"ன்னாரு.

"நாலு சீசாவுக்கு ஒரு ஃபிரிட்ஜா சார்? எங்களுதுல வச்சிக்கிறேன், வேளாவேளைக்கு வாங்கிக்குங்க"ன்னேன்.

என் கைய புடிச்சிக்கினாரு. "உங்கள மாதிரி ஹவுஸ் ஓனர் யாருக்குக் கிடைப்பாங்க?" அவரு கையாலயே பிளக்க கழட்டினாரு. நான் கட்டாயப்படுத்தல, அதையும் எழுதிக்குங்க.

சீசாங்கள துவரம்பருப்பு டப்பாவுக்குப் பக்கத்துல வச்சேன். காலையிலயும் சாயந்திரமும் வாசப்படியில வந்து நிப்பாரு. கூப்பிட்டாலும் உள்ள வரமாட்டாரு, மரியாதை தெரிஞ்சவரு. நான் சீசாவ பானைத் தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, ஈரம் போவ தொடச்சிக் குடுப்பேன். "நல்லா ஜில்லுன்னு இருக்கு"ம்பாரு. அந்த வெயில் உங்களுக்கே தெரியும். தார் ரோட்ல செருப்பு ஒட்டிக்கிச்சி.

மூணாவது வாரம் மனுஷன் துரும்பா இளைச்சிட்டாரு. குடம் குடமா தண்ணி குடிச்சாரு, வாந்தி வேற. ஒரு நாள் சீசாவ வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, "இன்னா சார், கலங்கலா இருக்கே"ன்னாரு.

"குளிர்ச்சி ஜாஸ்தியாயிடுச்சி சார், அப்படித்தான் இருக்கும்"னேன். கெட்டுப்போச்சின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்.

"பாவம்யா அந்த மனுஷன், உனக்குப் புண்ணியமா போவும், பிளக்க போடுய்யா"ன்னு சாமுண்டீஸ்வரி அழுதா. எனக்கு மட்டும் இரக்கம் இல்லியா சார்? மாசம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. கொஞ்சம் பொறுத்துக்கச் சொன்னேன்.

அவரு பொறுக்கல. இருபத்தெட்டாந்தேதி ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, ஆட்டோவுலயே மூச்சு நின்னுபோச்சி.

பையன் மஸ்கட்லேர்ந்து வரணும்னு ஐஸ் பெட்டி கொண்டாந்தாங்க. கரண்டுல ஓடற பெட்டி. மீட்டர் சக்கரம் பம்பரமா சுத்திச்சி, என்னால பாக்க முடியல. யாரும் இல்லாதப்ப பிளக்க கழட்டினேன். அங்கதான் மாட்டிக்கினேன். மருந்து எங்ககிட்டதான் இருக்குன்னு வாத்தியாரு போன்ல சொல்லியிருப்பாரு போல. பையன் வந்து அத பாத்துட்டு, "எங்கப்பா மருந்து எங்க?"ன்னு ஒரே வார்த்தைதான் கேட்டான். சாமுண்டீஸ்வரி நேரா போயி ஃபிரிட்ஜ திறந்து காட்டிட்டா.

அவ்ளோதான் சார். பொன்னாடை மூணாந்தெரு ஏகநாதனுக்குப் போயிடுச்சி. எல்லாம் அந்த ஐஸ் பெட்டியால.

இன்னொண்ணு. மனுஷன் விடற மூச்சுலயும் கரி எரியறப்ப வர்ற அதே கரியமில வாயு இருக்குன்னு அந்த நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க. வாத்தியாரு மூச்சு நின்னதுல எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு பாத்து எங்க வூட்டுல சேத்துக்கச் சொல்லி நான் சங்கத்துல கேட்டிருக்கலாம். கேக்கல சார். அந்த அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்ல.