இளக்காரத்துக்கு விளக்கம்

ஜனவரி 10, சனிக்கிழமை. காலை நடையை முடித்து, நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்து இருபதுக்குக் கொல்கத்தாவின் காளிகாட்டில் மெட்ரோ ஏறினேன். எதிர் இருக்கையில் ஒரு தம்பதி தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் எழுதிய தாள் ஒன்று இருந்தது.

“ஏங்க, நாலு பேர் முன்னாடி என்னை இளக்காரமா பேசாதீங்க.”

“இளக்காரமா?” என்றார் கணவர். “அர்த்தம் தெரிஞ்சுதான் சொல்றியா? நீ இங்கேயே பொறந்து பெங்காலி ஸ்கூல்ல படிச்சவ. ஒருத்தருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுப் பேசுறதுதான் இளக்காரம். நான் எப்போ அப்படிப் பேசினேன்?”

“விளக்கம் பிரமாதம். உதாரணமும் சேத்தே குடுத்துட்டீங்க.”

“அதை விடு. சாயங்காலம் பொங்கல் விழாவுல வரவேற்புரையை நானே படிச்சிடறேன். உன் தமிழைக் கேட்டா சபையே சிரிக்கும். தாளைக் குடு.”

அந்தப் பெண் தாளை மடித்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“சிரிக்கட்டும். என்னைத்தான் படிக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க முதல் வரிசையில உக்காந்து கை தட்டுங்க, போதும்.”

அடுத்த நிலையத்தில் அவர் முதலில் இறங்கினார். கணவர் பின்னால் போனார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, என் மனைவி எழுதி வைத்திருந்த காய்கறிப் பட்டியலை எடுத்தேன். இரண்டு பிழைகள் இருந்தன. வழக்கமாகத் திருத்திக் காட்டுவேன். அன்று அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன்.