ஐந்தருவியில் சிவந்த முகம்

ஆஷிகா: ...ஐந்தருவில குளிச்சிட்டு வெளிய வரும்போதே இவங்க முகம் செக்கச்செவேல்னு ஆயிட்டு டாக்டர். காது, கழுத்து, நெஞ்சு எல்லாம்...

சுஹைப்: மொளகாய அரைச்சு அப்புன மாதிரி எரியுது. தண்ணி ஒத்துக்கலையோ என்னமோ.

ஆஷிகா: ஊரே குளிக்கி. இவங்களுக்கு மட்டும் ஒத்துக்கலையாக்கும்.

டாக்டர் ஸ்ரீவித்யா: மூச்சு முட்டுதா? உதடு, நாக்கு வீங்குன மாதிரி...?

சுஹைப்: இல்ல மேடம்.

டாக்டர்: ஈசிஜி நல்லாத்தான் இருக்கு. காலைல என்ன சாப்பிட்டீங்க?

சுஹைப்: ஒண்ணும் சாப்பிடல.

டாக்டர்: மாத்திரை ஏதாவது?

சுஹைப்: மாத்திரையா... அது வந்து...

ஆஷிகா: கேக்காங்கல்லா. சொல்லுங்க மச்சான்.

சுஹைப்: ஒரு விட்டமின் மாத்திரைதான்... நியாசின்னு. துபாய்ல ரூம்ல கூட இருந்த பேச்சிராஜ் அண்ணன் குடுத்தாரு. குளிக்கப் போறதுக்கு முன்னால போட்டேன்.

டாக்டர்: அப்பாடா... அதான் விஷயம். பயப்படாதீங்க. நியாசின் அதிகமாப் போனா, தோல்ல உள்ள செல்லுங்க புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணச் சுரக்கும். அது தோலுக்கடியில இருக்க சின்னச் சின்ன ரத்தக்குழாய விரிச்சு விட்டுரும். ரத்தம் குபுகுபுன்னு மேல வருதுல்லா... அதான் இந்தச் சிவப்பு, சூடு, எரிச்சல் எல்லாம். வெறும் வயித்துல வேற போட்டிருக்கீங்க.

ஆஷிகா: எப்ப அடங்கும்?

டாக்டர்: அடங்கிட்டுத்தான் இருக்கு, காதப் பாருங்க. ஆனா இனிமே நீங்களாப் போடாதீங்க, ஈரலக் கெடுத்துரும். எதுக்குப் போட்டீங்க?

சுஹைப்: கொழுப்பு கொறையும்னு...

ஆஷிகா: கொழுப்பா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே.

டாக்டர்: நீங்க பேசிட்டு இருங்க. நான் அடுத்தாளப் பாத்துட்டு வாரேன்.

ஆஷிகா: ...நெஞ்சப் புடிச்சிட்டு நீங்க உக்காந்ததும், எனக்கு உசுரு எங்கிட்ட இல்ல.

சுஹைப்: அழாத ஆஷி. ஒண்ணுமில்லன்னுட்டாங்கல்லா. ...கம்பெனி மெடிக்கல் செக்கப்புலதான் சொன்னான். கொழுப்பும் பிரஷரும் இவ்வளவு வச்சிக்கிட்டு கிரேன் ஓட்டக் கூடாதுன்னு...

ஆஷிகா: ம்.

சுஹைப்: லீவுல வரல. அனுப்பிட்டான். கொறைச்சுக் காட்டுனா திரும்ப எடுப்பானோன்னுதான் இத...

ஆஷிகா: வேலை போனது தெரியும் மச்சான். பேச்சிராஜ் அண்ணன் வீட்டு அக்கா எப்பவோ சொல்லிட்டாங்க. கொழுப்புதான் தெரியாது. நீங்களாச் சொல்லட்டும்னு பேசாம இருந்தேன்... இனிமே இங்கனதான இருப்பீங்கங்கிற சந்தோசத்த மறைக்கத்தான் நான் பட்ட பாடு.