ஒர்லேனாவின் கடைசி அத்தியாயம்

கோட்டைக் கழற்ற வேண்டாம், மிஸ் டெனிசன். மேய்ன் கடற்கரையில் ஏப்ரல் வந்தாலும் குளிர் போகாது. நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பூனை மடியில் ஏறினால் தள்ளிவிடலாம், அது வருத்தப்படாது.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. என் கணவர் எவரெட்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் பொதுவாக அவர் எந்த மேஜையில் எழுதினார், என்ன புகையிலை பிடித்தார் என்றுதான் கேட்பார்கள். போகும்போது ஜன்னலருகில் நின்று, அவர் கதைகளில் வரும் வாஸ்மர் நகரத்தின் கடல் இதுதானா என்பார்கள். ஆமாம் என்பேன். மத்தி மீன் தொழிற்சாலையின் கழிவு போய் விழும் கடல் அது. சொன்னால் வருத்தப்படுவார்கள், அதனால் சொல்வதில்லை.

கடைசிக் கதையின் கடைசி அத்தியாயத்தை எவரெட் ஹாஸ்கெல் எந்த நிலைமையில் சொல்லி, நான் எழுதிக்கொண்டேன் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அவர் அதைச் சொல்லவில்லை. அது எப்படி என்று விளக்கிவிடுகிறேன். அவசரமில்லையே உங்களுக்கு?

இந்த ஊரில் அன்றைக்குப் பெண்களுக்கு இரண்டே வழி. ஒன்று கல்யாணம், இன்னொன்று மத்தி. நான் இரண்டையும் செய்தேன். கத்தரிக்கோலால் மீனின் தலையையும் வாலையும் வெட்டி டப்பாவில் அடுக்குவோம். விரலில் வெட்டுப்படாத நாளே கிடையாது. பட்ட இடத்தில் கிராம்பு எண்ணெயைத் தடவிக்கொண்டு அடுத்த மீனை எடுப்போம்.

எவரெட் ஊர் நூலகத்தில் இருந்தார். காலையில் புத்தகம் எடுத்துக் கொடுப்பார், மத்தியானத்துக்குமேல் வீட்டில் உட்கார்ந்து எழுதுவார். சிகாகோவில் ஒரு மலிவுப் பத்திரிகை அந்தக் கதைகளைப் போட்டது. அட்டையில் எப்போதும் ஒரு பூதமும் அரைகுறை உடையில் ஒரு பெண்ணும் இருக்கும். ரயில் நிலையத்தில் வாங்கி, படித்துவிட்டு, இருக்கையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள்.

ஆரம்பக் கதைகள் எனக்குப் பிடித்திருந்தன. மணலுக்கடியில் மூச்சுவிடும் ஒன்றைப் பற்றி ஒரு கதை. மூழ்கிய தேவாலயத்தின் மணிச்சத்தம் கேட்டுப் படகிலிருந்து ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கிப் போகும் மீனவர்களைப் பற்றி இன்னொன்று. சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குப் படித்துக் காட்டுவார். நான் பயந்தால் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"நீ பயந்தாத்தான் கோரா, கதை தேறிடுச்சுன்னு அர்த்தம்" என்பார்.

அப்போது இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

பிறகு குழந்தை பிறந்தது. பெண். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. எவரெட் அழவில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். தொப்பியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். திரும்பி வந்து அடுப்புக்கு விறகு பிளந்தார். நான் கட்டிலில் கிடந்தபடி, "அவ தலை என் உள்ளங்கையிலயே அடங்கிடுச்சு, எவரெட்" என்றேன். போர்வையை என் தோள்வரை இழுத்துவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒர்லேனா வந்தாள்.

வாஸ்மரின் ராணியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கறுப்புக் கோபுரங்கள், ஈரப் படிக்கட்டுகள், அவற்றில் வெறுங்காலோடு இறங்கி வரும் அவள். முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். எவரெட் மேஜையில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார். யாரோ தவறிவிட்டார்கள் என்று ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"என்ன ஆச்சு?"

"ஒர்லேனாவோட குழந்தை செத்துப்போச்சு, கோரா."

என் ஏப்ரன் முழுக்க மீன் செதில். அப்படியே நின்றேன்.

அன்று மாலை படித்துக் காட்டினார். ராணி மாடத்தில் நின்று கடலிடம் சொல்கிறாள், அதன் தலை என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது என்று. என் வார்த்தை. நான் கட்டிலில் கிடந்து அவரிடம் சொன்ன வார்த்தை. திருடிவிட்டோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. படித்து முடித்து, பரிசுக்குக் காத்திருப்பவர் மாதிரி என் முகத்தையே பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"பீன்ஸ் ஆறிப்போகுது" என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கதையிலும் அவளுக்கு ஏதாவது ஒன்று கூடுதலாகக் கிடைத்தது. அவள் கைகளில் கிராம்பு வாசம் வீசும் என்று எழுதினார். நான் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி மோந்து பார்த்தேன். மத்திதான் வீசியது. அவளுக்கு இடது காது கொஞ்சம் மந்தமாம், அதனால் தலையைச் சாய்த்துக் கேட்பாளாம், அந்தச் சாய்வில் ஒரு ராஜகளை இருக்குமாம். நான் தலையைச் சாய்த்தால், "சத்தமா சொல்லட்டுமா, கோரா?" என்பார்.

பக்கத்து மேஜையில் மீன் வெட்டும் மிஸஸ் தர்லோவுக்கு வாய் நீளம். ஒருநாள் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாள்.

"ஏண்டி கோரா, உங்க வீட்ல ஒரு ராணி தங்கியிருக்காளாமே? உன் புருஷன் தபாலாபீஸ்ல நின்னுக்கிட்டு, அவளுக்கு ஜுரம் விடலைன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னாராம். மூஞ்சியெல்லாம் வாடிப்போய் இருந்துச்சாம். பாவம், ஒரு வாய் சூப்பு வெச்சுக் குடேன் அவளுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே சிரிக்காதவளை நிம்மதியாக விடமாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாப்பிடும்போது கேட்டேன். நான் இதை ஒளித்துச் செய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நேராகவே கேட்டேன்.

"அவளைக் கொன்னுடு, எவரெட்."

"யாரை?"

"யாரைன்னு உனக்குத் தெரியும்."

சிரித்தார். "ஒர்லேனாவையா? சிகாகோக்காரன் என்னைக் கல்லாலயே அடிப்பான்."

"மணிச்சத்தம் பத்தி எழுது. மணலுக்கடியில இருக்கறதைப் பத்தி எழுது. நான் பயப்படறேன், முன்ன மாதிரியே."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"ஆமா."

முள்கரண்டியைக் கீழே வைத்தார். "உனக்கு அவளைப் பிடிக்கும்னு நினைச்சேன்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. இன்னொருத்தியை விட்டுக்கொடுக்க முடியாத ஆண்தான் அப்படி வருத்தப்படுவான். அதற்குப் பிறகு எனக்குப் படித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டார். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் அவருக்கு இதயம் கெட்டது. டாக்டர் பிரிம் சின்ன வெள்ளை மாத்திரைகளைக் கொடுத்தார். நெஞ்சு வலி வந்ததும் உடனே ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது. எவரெட்டின் கை நடுங்கி மூடியைத் திறக்க முடியாது என்பதால் குப்பி என் ஏப்ரன் பையிலேயே இருந்தது. நான் வேலையை விட்டேன். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்தோம். அவருக்கு முகம் மழித்துவிட்டேன், முதுகு துடைத்துவிட்டேன், ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல மாதங்கள் அவைதான். நான் இல்லாமல் அவரால் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை.

ஆனால் மத்தியானமானால் அவள் வந்துவிடுவாள். அவரால் பென்சில் பிடிக்க முடியாததால், அவர் சொல்லச்சொல்ல நான்தான் எழுத வேண்டியிருந்தது. அவள் கழுத்து, அவள் நடை, அவள் தலையைச் சாய்க்கும் விதம் எல்லாம் என் கையெழுத்தில். கட்டின மனைவியைக் கொண்டே மற்றவளின் தலைமுடியை வாரவைப்பது போல. நான் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. அப்போது மாற்றவில்லை.

கடைசிக் கதையில் வாஸ்மரை எதிரிகள் சூழ்ந்துவிட்டார்கள். எப்படி முடியும் என்று கேட்டேன்.

"ஒர்லேனா படகுல ஏறிப் போயிடறா" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாருக்கும் தெரியாத கரை ஒண்ணு. அங்க போயிட்டா அவளுக்குச் சாவே கிடையாது."

"தனியாவா போறா?"

"படகோட்டி ஒருத்தன் இருக்கான். அவன் மூஞ்சி இன்னும் தெரியல."

எனக்குத் தெரிந்தது, அது எவரெட்டின் முகம். அவர் சாகப் போகிறார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு இந்த வீடு, இந்தப் பனி, கல்லறையில் ஒரு சின்னக் கல். அவளுக்குப் படகு. நியாயமாக யோசித்துப் பாருங்கள், மிஸ் டெனிசன். எந்தப் பெண் உட்கார்ந்து அதை எழுதிக்கொடுப்பாள்?

அன்று மத்தியானம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. படகின் கயிற்றை அவிழ்க்கும் இடத்துக்கு வந்திருந்தோம். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"கோரா. மாத்திரை."

பையில் கைவிட்டேன். குப்பி கையில் இருந்தது. அந்த நொடிவரை எனக்கு அப்படி ஒரு நினைப்பே இருந்ததில்லை. குப்பியைத் தொட்டபோதுதான் எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது.

"முதல்ல அவ சாகட்டும்" என்றேன்.

"என்ன?"

"ஒரே ஒரு வரி. ஒர்லேனா செத்தாள்னு சொல்லு. எழுதிக்கிட்டதும் குடுத்துடறேன்."

நான் குரலை உயர்த்தவில்லை. அவருக்குப் புரியும்படி தெளிவாகச் சொன்னேன். விளையாடுகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது, உதடு ஒரு பக்கமாகச் சிரிக்கப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"அவ நீதான்" என்றார்.

பென்சிலோடு காத்திருந்தேன். நான் கேட்ட வரி அது இல்லை.

"அவ நீதான், கோரா. உனக்கு... தெரியாதா?"

வலியில் இருக்கும் மனிதர் மாத்திரைக்காக என்ன வேண்டுமானாலும் சொல்வார். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கை என் ஏப்ரனைப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் எடுத்துவிட்டேன். மறுபடியும் கேட்டேன். அந்தத் தடவை அவர் பதில் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவர் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தேன். நான் சொன்ன சொல்லை மீறுகிறவள் இல்லை, ஆனாலும் அன்று அவருக்காக மீறினேன்.

டாக்டரைக் கூப்பிடப் போகும் முன் உட்கார்ந்து அத்தியாயத்தை முடித்தேன். அதிக நேரம் ஆகவில்லை. படகு அவளை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஒர்லேனா கரையில் மூச்சுமுட்டிக் கிடந்து ஒரு வாய் தண்ணீர் கேட்கிறாள். பணிப்பெண் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். கடைசிவரை நிற்கிறாள். உங்கள் கட்டுரையைப் படித்தேன். எவரெட் ஹாஸ்கெல் எழுதியவற்றிலேயே மிகப் பயங்கரமானது அந்தப் பணிப்பெண்ணின் அமைதிதான் என்று எழுதியிருந்தீர்கள். நன்றி. என் எழுத்தைப் பற்றி இதுவரை யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

டாக்டர் பிரிம் வந்து பார்த்தார். வாயில் கரைந்தும் கரையாமலும் மாத்திரை இருந்தது. "நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்கீங்க, மிஸஸ் ஹாஸ்கெல். மனசைத் தேத்திக்குங்க" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

பத்திரிகை கதையைப் போட்டது. பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள். யுத்தம் வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் செத்துவிட்டாள், அவர் என்னோடு இருந்தார், மலைமேல் கல்லறையில், நடந்து போகும் தூரத்தில்.

எல்லாம் அவர் கதைகள் மலிவுப் பதிப்புகளாக மறுபடியும் வரும்வரைதான். இப்போது தலைமுடியை நீளமாக வளர்த்த பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். எவரெட்டின் கல்லில் நீல ரிப்பன் கட்டுகிறார்கள், அவளுக்காக. என் வாசலில் நின்று ஒரு பெண் அழுதாள், ஒர்லேனாவுக்கு அப்படி ஒரு சாவு வந்திருக்கக் கூடாது என்று. அவள் தோளைத் தட்டிக் கொடுத்து, காப்பி போட்டுக் கொடுத்தேன். நான் கொன்றதால்தான் அவளுக்கு இத்தனை ஆயுசு என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

போன மாதம் துறைமுகத்தில் சிலை வைக்கப்போவதாக நகரசபையிலிருந்து வந்தார்கள். எவரெட்டுக்கு இல்லை, அவளுக்கு. கூட வந்த சிற்பி கதைகளை எல்லாம் படித்தவனாம். நான்கு சுவரையும் பார்த்துவிட்டு என்னிடம், "உங்க சின்ன வயசுப் படம் ஏதாவது இருக்கா, மேடம்?" என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கடைசி அத்தியாயம் கோரா ஹாஸ்கெல் எழுதியது. எவரெட் செத்தது நோயினால் இல்லை. மாத்திரை என் கையில் இருந்தது, அவர் கேட்டபோது நான் கொடுக்கவில்லை. இதைக் கேட்டு யார் வந்தாலும் இதையேதான் சொல்வேன், கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் கடைசியில் சொன்னதைப் புத்தகத்தில் போடாதீர்கள். படிக்கிறவர்கள் நிஜமென்று நம்பிவிடுவார்கள். அதில் உண்மை துளியும் இல்லை. அவள் நான்தான் என்றால், அந்த மனுஷன் உயிரோடு இருக்கும்போதே என்னிடம் ஒரு தடவையாவது அதைச் சொல்லியிருக்க மாட்டாரா?